ஹால் விளைவுச் சோதனை: காஸ்மீட்டரை எங்கே வைத்துச் சுழியாக்குகிறீர்கள்?

நேற்று முடிவு வந்தது. தேறிவிட்டேன், பெரிய நிம்மதி. ஆனால் அதிகம் நம்பியிருந்த இயற்பியல் செய்முறையில்தான் மதிப்பெண் குறைந்துவிட்டது. எனக்கு வந்தது ஹால் விளைவு: மின்னோட்டம் பாயும் தகட்டைக் காந்தப்புலத்தில் வைத்தால் அதன் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும், அதை அளக்க வேண்டும். அது இன்னும் உறுத்துகிறது.

தவறு தொடக்கத்திலேயே நடந்தது. மின்காந்தத்தில் மின்னோட்டம் இல்லை, எனவே புலமும் இருக்காது என்று நினைத்து, ப்ரோபை (புலத்தை உணரும் முனையை) இரு துருவங்களுக்கு நடுவில் வைத்தபடியே, புலத்தை அளக்கும் காஸ்மீட்டரைச் சுழியாக்கினேன். முன்பு பாய்ந்த மின்னோட்டத்தின் காந்தத்தை இரும்பு உள்ளகம் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். அதையும் சேர்த்துச் சுழியாக்கிவிட்டேன். அந்த எஞ்சிய புலம் 40 காஸ் (காந்தப்புலத்தின் அலகு) என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி 2,000 காட்டும்போது ஹால் குணகம் (ஹால் மின்னழுத்தத்தைப் புலத்தால் வகுத்துக் கணக்கிடுவது) 2 சதவீதம்தான் கூடுதலாக வரும். 200 காட்டும்போது 20 சதவீதம்! என் அட்டவணையின் முதல் மூன்று வரிகள் அப்படித்தான் துருத்திக்கொண்டு நின்றன. நான் அவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தேன். வரைபடம் போட்டுச் சாய்விலிருந்து கணக்கிட்டிருந்தால் அந்தப் பிழை வெட்டுத்துண்டோடு (கோடு அச்சை வெட்டும் இடத்தோடு) போயிருக்கும்.

"சுழியை எங்கே வைத்துச் சரிசெய்தீர்கள்?" என்றார் தேர்வாளர். பதில் சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

சரி, செய்ய வேண்டியவை:

- ப்ரோபை மின்காந்தத்திலிருந்து நன்றாகத் தள்ளி எடுத்து வந்து சுழியாக்குங்கள். பூமியின் புலம் 0.25 முதல் 0.65 காஸ்தான், இங்கே பொருட்டில்லை.
- அப்புறம் இடைவெளிக்குள் வையுங்கள். மின்னோட்டம் தராமலே வரும் எண்ணை அட்டவணையின் தலையில் எழுதுங்கள்.
- ப்ரோபின் தட்டை முகம் புலத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். மெல்லத் திருப்பி, எண் உச்சம் தொடும் இடத்தில் திருகை இறுக்குங்கள்.

வைவாவுக்கு ஸ்குவிட், ஃப்ளக்ஸ்கேட் என்று புலத்தை அளக்கும் வேறு கருவிகளைப் பற்றி மூன்று இரவுகள் படித்தேன், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது தேடு சுருளைப் பற்றி, அதாவது புலத்தை அளக்கும் சிறு கம்பிச் சுருள். சுருளின் வழியே செல்லும் காந்தப் பாயம் மாறினால்தான் அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். நிலையான புலத்தை அளக்க, சுருளைச் சட்டென்று வெளியே இழுக்க வேண்டும். இதைச் சொன்னேன். அடுத்து, புரோட்டான் காந்தமானி எதை அளக்கிறது? புலத்தில் புரோட்டான்கள் பம்பரம்போல் தலைசுற்றும் அதிர்வெண்ணை: ஒரு டெஸ்லாவுக்கு (10,000 காஸ்) 42.58 மெகாஹெர்ட்ஸ், அதாவது 50 மைக்ரோடெஸ்லாவில் சுமார் 2,130 ஹெர்ட்ஸ். அது புலத்தின் அளவை மட்டும் தரும், திசையைத் தராது. அந்தக் கடைசி வரியைச் சொன்னபோதுதான் தேர்வாளர் தலையசைத்தார்.