சாம்பலை அள்ளிவிட்டு விறகு போடுங்கள்

பலிபீடத்தின் அக்கினி ஒருபோதும் அவியக் கூடாது என்ற கட்டளை (லேவியராகமம் 6:13) நம் சபைகளில் பலமுறை பிரசங்கிக்கப்பட்டதுதான். அதற்கு மூன்று வசனம் முன்னால் இருக்கும் வேலையைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆசாரியன் சணல்நூல் அங்கி போட்டுக்கொண்டு, ராத்திரி எரிந்த சாம்பலை அள்ளிப் பீடத்தின் பக்கத்தில் கொட்ட வேண்டும். பிறகு உடை மாற்றிக்கொண்டு, அதைப் பாளயத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். விறகு அடுக்குவது அதற்கடுத்த வசனத்தில்தான் வருகிறது. விறகடுப்பு எரித்தவர்களுக்கு இது புரியும். சாம்பல் மண்டினால் காற்று போகாது. எவ்வளவு விறகு வைத்தாலும் புகைதான் வரும்.

தனி ஜெபமும் வேத வாசிப்பும் நின்றுபோகிற வீடுகளில் பெரும்பாலும் வாஞ்சை குறைந்திருக்காது. சாம்பல் சேர்ந்திருக்கும்.

முதலில் ராத்திரியைப் பாருங்கள். கன்வென்ஷன் கூட்டத்தில் ‘இனி நாலு மணிக்கு எழுவேன்’ என்று தீர்மானம் எடுக்கிறோம். ஆனால் படுப்பது பழையபடி பதினொன்றரைக்கு. நாலரை மணி நேரத் தூக்கத்தோடு மூன்றாம் நாள் முழங்காலில் நின்றால், தலை கட்டிலில் சாய்ந்துவிடும். இது ஆவிக்குரிய தோல்வி அல்ல, உடம்பின் கணக்கு. சூரைச்செடியின் கீழ் சோர்ந்து கிடந்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்; அவன் சாப்பிட்டு, மறுபடி படுத்து, மறுபடி சாப்பிட்டான். கர்த்தர் அவனோடு பேசியது அதற்கப்புறம்தான். ஐந்து மணிக்கு எழ வேண்டுமானால் பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரத்தை முன்னால் இழுக்காமல், வாரத்துக்குப் பதினைந்து நிமிஷமாக இழுங்கள்.

அடுத்தது போன். சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றுங்கள். எழுவதற்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும். வேதாகமச் செயலியைத் திறக்கிற விரல் மேலே நிற்கும் நான்கு செய்திகளைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது, பல நாள் தாண்டுவதில்லை. விடியற்காலையில் அச்சு வேதாகமமே நல்லது. வாட்ஸ்அப்பில் வருகிற வாக்குத்தத்த வசனப் படத்துக்கு ‘ஆமென்’ போட்டுவிட்டால் அன்றைய வாசிப்பு முடிந்தது என்ற எண்ணம்தான் எனக்கு எல்லாவற்றிலும் அதிகம் கவலை தருவது. அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதை நாம் பார்ப்பதே இல்லை.

வாசிப்புத் திட்டம் எங்கே உடைகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு 3, ஞாயிறு 5 என்று படித்தால் ஒரு வருஷத்தில் முடியும். ஆதியாகமமும் யாத்திராகமமும் சேர்ந்து 90 அதிகாரம், ஆகவே ஜனவரி கடைசி வாரத்தில் லேவியராகமத்துக்கு வந்துவிடுவோம். பிப்ரவரி நடுவில்தான் எண்ணாகமம் முடியும். புத்தாண்டு வேகம் தளர்கிற நேரமும், பலிகளும் வம்சக் கணக்குகளும் வருகிற இடமும் ஒன்றாகின்றன. இங்கே நான்கு நாள் விட்டால் 12 அதிகாரம் பாக்கி, நடுவில் ஞாயிறு வந்தால் 14. அதைச் சேர்த்து முடிக்கப் பார்க்கிறவர்கள் ஐந்தாம் நாள் வேதாகமத்தையே தொட மாட்டார்கள். பாக்கியைத் தூக்கிப் போடுங்கள். விட்டுப்போன அதிகாரங்களின் தலைப்பில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, இன்றைய பகுதிக்கு வாருங்கள்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செய்ன், 1842-இல் தம் சபைக்கு ஒரு வாசிப்பு அட்டவணை தயாரித்தார். நாளுக்கு சுமார் நான்கு அதிகாரம். பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை. இன்றும் பலர் பயன்படுத்துகிற அந்த அட்டவணையோடு அவரே ஆபத்துகளையும் எழுதினார்: சடங்காகிவிடலாம், சுயநீதி வரலாம், கவனமில்லாமல் படிக்கலாம், சுமக்க முடியாத நுகமாகலாம். திட்டம் போட்டவரே சொன்ன இந்த எச்சரிக்கையைத் திட்டத்தோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெபக் குறிப்பேட்டிலும் சாம்பல் சேரும். ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டவர்கள் பெயரெல்லாம் சேர்ந்து அறுபதாகும்போது, அது ஹாஜர் எடுப்பதுபோல ஆகிவிடுகிறது. குடும்பத்தைத் தினமும் வைத்துக்கொண்டு, மற்றவர்களை ஏழு கிழமைக்கும் பிரித்துவிடுங்கள். நாளுக்கு எட்டு ஒன்பது பேர்தான் வருவார்கள். பதில் கிடைத்ததைத் தேதி போட்டு அடித்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்கட்டும். ‘கேஸ் புக் பண்ணணும்’ என்று நினைவு வந்தால் எழுதிவிட்டுத் திரும்புங்கள், அந்த நினைவோடு சண்டை போட வேண்டாம். உதடு அசைய மெல்லிய சத்தத்தில் ஜெபித்தால் மனம் அலைவது குறையும்.

ஊழியத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று: பிரசங்கத்துக்குப் படிப்பது தனி வாசிப்பு ஆகாது. ஞாயிறு ரோமரில் பேசுகிறீர்கள் என்றால் காலையில் ரூத்தைத் திறங்கள். குறிப்பு எடுக்காதீர்கள்.

கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கும், விடியற்காலைக் குழாய்த் தண்ணீருக்குக் காத்திருப்பவர்களுக்கும் ஒரு மணி நேர அமைதியைக் கட்டளையாக வைப்பது அநியாயம். 119-ஆம் சங்கீதம் எட்டு எட்டு வசனமாக 22 பகுதிகள். ஒரு நாளில் பால் கொடுக்கிற ஏதாவது ஒரு வேளைக்கு ஒரு பகுதி என்று வைத்தால் 22 நாள் ஓடும். வேதாகமத்தை அந்தப் பக்கத்திலேயே திறந்து, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இருட்டில் பக்கம் தேடுகிற வேலை மிச்சம்.