ஒரே மெட்டில் ஒரு ராகம்

வீணை எஸ். பாலசந்தரின் (1927–1990) பதிவுகளை இரவில் கேட்பது என் நெடுநாள் வழக்கம். குருவென்று எவரிடமும் வீணை பயிலாமல், சிறுவயதில் கஞ்சிராவும் பின்னர் சிதாரும் வாசித்துப் பழகிய கையோடு வீணைக்கு வந்தவர் அவர். இடையில் திரைப்படங்களில் நடித்தார். 1954-இல் பாடல்களே இல்லாத 'அந்த நாள்' படத்தை இயக்கினார்.

தாளமின்றி ராகத்தை விரிக்கும் ஆலாபனையில் அவர், வீணைத் தண்டின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான மெட்டுகளில் ஒன்றிலேயே விரலை ஊன்றித் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க, அடுத்தடுத்த மெட்டுகளுக்குரிய ஸ்வரங்கள் மறுபடி மீட்டாமலேயே ஒன்றிலிருந்து ஒன்றாக வழுக்கி எழுவதைக் கேட்கும்போது, அது வாய்ப்பாட்டோ என்று தோன்றிவிடும். சில இடங்களில் வேகம் சற்று மிகை என்பது என் கருத்து. 1982-இல் பத்மபூஷண் பெற்றார். கச்சேரிக்காகச் சென்றிருந்த பிலாயில் காலமானார்.