மிரர் அடித்தால் வீடு வந்துவிடுமா?

அபார்ட்மென்ட் வேலை என்றால் எங்கள் ஆபீஸில் முதலில் காதில் விழுவது, "ஒரு வீட்டைப் போடுங்க, பக்கத்து வீட்டை மிரர் அடிச்சுக்கலாம்." ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் மிரர் கட்டளைக்கு எம்.ஐ. என்று தட்டி, பொதுச்சுவரின் நடுக்கோட்டில் இரண்டு புள்ளி வைத்தால் அடுத்த வீடு தயார். லாபமும் உண்டு. இரண்டு வீட்டு டாய்லெட்டும் முதுகோடு முதுகாக உட்காரும், நடுவில் குழாய்கள் இறங்க ஒரே டக்ட் போதும், குழாய்ச் செலவு குறையும்.

கோடுகள் புரளும். ஆனால் வீட்டில் குடியிருக்கப்போகிறவரின் வலது கை இடப்பக்கம் போய்விடாது. டாய்லெட்டில்தான் இது முதலில் தெரியும். கழுவும் கைக்குழாயான ஹெல்த் ஃபாசெட் உட்காருபவரின் வலப்பக்கச் சுவரில் இருக்க வேண்டும். மிரர் அடித்த வீட்டில் அந்தச் சுவரே இடப்பக்கம் போயிருக்கும், குழாயும் கூடவே போயிருக்கும். அதனால் புரட்டிய டாய்லெட்டில் ஃபாசெட்டை மட்டும் பின்சுவருக்கு, வலப்பக்கமாக மாற்றிவிடுவேன். பிளம்பர் வந்து கேட்கட்டும் என்று விட்டால், டைல்ஸ் ஒட்டிய பிறகுதான் கேட்பார்.

அப்புறம் வாஸ்து. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். வாங்க வருபவர் கேட்பார், அதனால் பார்த்தே ஆக வேண்டும். முதல் வீட்டில் சமையலறை அக்னி மூலையில் (தென்கிழக்கு) அழகாக இருக்கும். பொதுச்சுவர் வடக்கு தெற்காக ஓடினால், புரட்டிய வீட்டில் அது கன்னி மூலைக்கு (தென்மேற்கு) போய்விடும். கிழக்கு மேற்காக ஓடினால் ஈசானி மூலைக்கு (வடகிழக்கு). இரண்டுக்கும் ஒப்புக்கொள்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

காரிடாரின் இருபுறமும் எதிரெதிரே வீடுகள் வந்தால் எனக்கு மிரரை விட காப்பியும் ரொட்டேட்டும் பிடிக்கும். காப்பி எடுத்து 180 டிகிரி திருப்பினால் வாசல் காரிடாரைப் பார்த்தே இருக்கும், சமையலறை அக்னியிலிருந்து வாயு மூலைக்கு (வடமேற்கு) வரும். வாஸ்து பார்ப்பவர்கள் அடுத்தபடியாக ஒத்துக்கொள்வது அந்த மூலையைத்தான். திருப்பினால் இடம் வலம் மாறாது என்பதால் ஃபாசெட் பிரச்சினையும் இல்லை. ஆனால் கன்னி மூலைப் பெரிய படுக்கையறை ஈசானிக்குப் போகும். அந்த ஓர் அறைக்காக மறுபடி உட்கார வேண்டும்தான்.

வரைபடத்தில் உள்ள எழுத்து விஷயத்தில் பலருக்கும் ஒரு குழப்பம். மிர்டெக்ஸ்ட் என்ற செட்டிங் 0 என்று இருந்தால் புரட்டினாலும் எழுத்து நேராகவே நிற்கும், 1 என்றால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகப் புரண்டுவிடும். சரி, 0 வைத்தாயிற்று, பிறகும் "கிச்சன்" ஏன் திரும்பி நிற்கிறது? அந்த எழுத்து பிளாக்கின், அதாவது பல கோடுகளைச் சேர்த்து ஒரே பொருளாக்கிப் பெயர் வைத்ததன், உள்ளே இருக்கிறது. பிளாக்குக்குள் இருக்கும் சாதாரண எழுத்து மிர்டெக்ஸ்டைக் கண்டுகொள்ளாது. அறைப் பெயர்களை பிளாக்குக்கு வெளியே தனியாக வைப்பது என் வழக்கம்.

ஆனாலும் கதவு, ஜன்னல், தூண், கழிப்பறைக் கோப்பை எல்லாம் பிளாக்காகத்தான் இருக்க வேண்டும். வெறும் காப்பி எடுத்த கதவுகளில் 900 மில்லிமீட்டரை 1000 ஆக்கச் சொன்னால் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும். பிளாக்கில் ஒன்றைத் திருத்தினால் எல்லா மாடியிலும் மாறும். மூலம் ஒன்று, அதன் பிரதிகள் பல, மூலத்தைத் தொட்டால் பிரதிகள் மாறும் என்ற ஏற்பாடு 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் செய்த ஸ்கெட்ச்பேடிலேயே இருந்தது. ஆட்டோகேட் வந்தது 1982இல். இன்னமும் கதவைக் கோடு கோடாக காப்பி எடுத்துக்கொண்டிருப்பவர்களை என்ன சொல்வது!

கார் பார்க்கிங்குக்கு, வரிசையாகப் பிரதி எடுக்கும் அரே கட்டளை போதும், அதில் பேச ஒன்றுமில்லை. தூண் இடிக்கும் கட்டத்தை மட்டும் கையால் அழித்துவிடுங்கள்.

கதவு பிளாக்கில் இன்னொரு வசதியும் உண்டு. நிலை செய்யும் ஆசாரிக்கு, கீல் இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை என்று தனித்தனியாக வேண்டும். புரட்டிய பிளாக்கின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் எக்ஸ் அல்லது ஒய் ஸ்கேலில் ஒன்று மைனஸில் இருக்கும். க்விக் செலக்டில் மைனஸ் ஸ்கேல் உள்ளவற்றைப் பொறுக்கினால் புரண்ட கதவுகள் தனியாக வந்துவிடும். பிளாக்கை எக்ஸ்ப்ளோட் செய்து தனித்தனிக் கோடுகளாகப் பிரித்திருந்தால் இந்த வழி கிடையாது, விரல் விட்டு எண்ண வேண்டியதுதான்.