அந்த அம்மாவின் பங்கு

கோவையில் ஒரு குடும்ப பம்ப் கம்பெனி போர்டில் இருக்கேன். பங்குச்சந்தையில் பட்டியலான இன்னொரு கம்பெனியில் சுயேச்சை இயக்குநர், அதாவது நிர்வாகத்தைச் சாராத வெளியாள்.

பட்டியலான இடத்தில், பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபியோட கண் எப்பவும் எங்க மேலே இருக்கும். காலாண்டு முடிஞ்சு 45 நாளுக்குள் முடிவுகள் வெளியாகணும், மார்ச்சில் முடியற காலாண்டுக்கு 60 நாள். வெளியாகி 48 மணி நேரம் வரை நாங்க பங்கைத் தொடக்கூடாது. கூட்டத்தில் பாதி நேரம் இதுக்கே போயிடும்.

குடும்பக் கம்பெனியில் கம்ப்யூட்டர் இயக்குற ஒரு சிஎன்சி மெஷின் வாங்கலாமான்னு மூணு மணி நேரம் பேசுவோம். அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனா அங்கே பங்கு வச்சிருக்கிற பெரியம்மா ஒருத்தர் இருக்காங்க. விற்க சந்தை கிடையாது, லாபத்தில் தர்ற டிவிடெண்டும் வரலை. போர்டில் அவங்களுக்காகக் கேட்கிறது நான் மட்டும்தான். போன கூட்டத்திலும் கேட்டேன், மினிட்ஸில் எழுத வச்சேன். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.