பூனையில் தொடங்கும் சொற்கள்

மார்ச் 3, திங்கள்

இரவு எட்டு மணிக்குத் தங்கையின் மகள் ஆங்கிலக் கொப்பியோடு வந்து நின்றாள். வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மாடிப்படிதான். சீ, ஏ, டி என்று தொடங்கும் பத்துச் சொற்களுக்குப் பொருள் எழுத வேண்டுமாம். கொப்பியின் மூலையில் மீசை வைத்த ஒரு பூனையை வரைந்திருந்தாள். "எல்லாமே பூனையில்தானே தொடங்குகின்றன, மாமா?"

அகராதியைப் பார் என்று சொல்லிவிட்டுச் செய்தி பார்க்கப் போனேன். இரண்டு நிமிடம்கூட இருக்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க அச்சுப்பிழை திருத்தியவனுக்கு வேறு என்ன புத்தி வரும்?

மார்ச் 4, செவ்வாய்

'கேட்ஃபிஷ்' என்ற கெளுத்தி மீனை விட்டுவிடலாம், மீசையே சாட்சி. 'கேட்டர்பில்லர்' என்ற மயிர்க்கொட்டிக்குள்ளும் பூனை இருக்கிறது. பழைய பிரெஞ்சில் அதை 'மயிர் அடர்ந்த பூனை' என்றார்கள். நாம் அது கொட்டுவதைப் பார்த்துப் பெயர் வைத்தோம். அவர்கள் தடவிப் பார்க்கவில்லை போலும்.

'கேட்கட்' என்னும் வாத்திய நரம்பில் பெயர் மட்டும்தான் பூனை. பொருள் ஆட்டுக்குடல்.

மார்ச் 6, வியாழன்

'கேட்டா' என்றால் கிரேக்கத்தில் 'கீழே' என்று டியூஷனில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உண்மைதான். 'கேட்டராக்ட்' மேலிருந்து கீழே பாய்வது. இலத்தீனில் அருவிக்கும் அதே பெயர், கோட்டை வாசலில் மேலிருந்து இறக்கும் கதவுக்கும் அதே பெயர். கண்புரைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். அது வந்த நாளில் அம்மா, "யாரோ திரையை இறக்கிவிட்டார்கள்" என்றார். அவருக்குக் கிரேக்கமும் தெரியாது, இலத்தீனும் தெரியாது.

ஆனால் பிள்ளை அந்தச் சூத்திரத்தை வைத்துக்கொண்டு 'கேட்டமரான்' என்பதற்கு எதிரேயும் 'கிரேக்கம், கீழே' என்று எழுதியிருந்தாள்! எனக்கு வந்த கோபத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். கட்டுமரமடி அது, நம்முடைய கட்டுமரம். அவள் கொழும்பிலேயே பிறந்தவள், பாவம், எங்கே கண்டாள்? பருத்தித்துறைக் கரையில் மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் இறக்குவார்கள். திரும்பி வந்ததும் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு மரமாக மணலில் காயப்போடுவார்கள். ஆணி ஒன்றுகூட இருக்காது. மேசையில் கிடந்த நான்கு பென்சில்களை ரப்பர் வளையத்தால் கட்டிக் காட்டினேன்.

மாடுகளைக் குறிக்கும் 'கேட்டில்' கிரேக்கமும் இல்லை, பூனையும் இல்லை. சொத்து என்று பொருள்படும் இலத்தீன் 'கேப்பிடாலே'யிலிருந்து வந்தது. முதலீட்டைக் குறிக்கும் 'கேப்பிட்டல்' அதன் உடன்பிறப்பு. நம் குறளிலும் (400) மாடு என்றால் செல்வம். இதைச் சொன்னபோது பிள்ளை கொட்டாவி விட்டாள். எனக்குத்தான் நித்திரை வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகக் கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்துக்குப் போனோம். பட்டியலில் மிச்சமிருந்த 'கதீட்ரல்' அதுதான். கட்டடம் பெரிது என்பதால் வந்த பெயர் அல்ல. ஆயரின் இருக்கை உள்ள கோயில் என்பதால் வந்தது. கிரேக்கத்தில் 'கதெட்ரா' என்றால் இருக்கை, அதிலும் முதலில் அந்தக் 'கீழே'தான். அது இலத்தீனுக்குப் போய், போர்த்துக்கேயத்தில் 'கதெய்ரா' ஆயிற்று. 1505இல் கொழும்புக்கு வந்தவர்கள் அலுமாரியும் சப்பாத்தும் தந்ததுபோல அதையும் தந்துவிட்டுப் போனார்கள்.

விருந்து மண்டபத்தில் இடம் பிடிக்கச் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள் பிள்ளை. "நீ இழுத்து வருவது என்ன?"

"கதிரை."

"அதுதான் கதீட்ரல்."

கதிரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் ஐஸ்கிரீம் முடியும் வரை நான் ஆயர்" என்று ஏறி உட்கார்ந்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

பத்துக்கு ஒன்பது. பிழையென்று சிவப்பு மையால் வெட்டியது எதை? கட்டுமரத்தை! 'இரண்டு உடல் கொண்ட படகு' என்று எழுத வேண்டுமாம். இன்றைய ஆங்கிலத்தில் அதுவும் சரிதான், எனவே சண்டைக்குப் போகவில்லை. பென்சில்களை மட்டும் இன்னும் அவிழ்க்கவில்லை.