வல்லார்பாடம் மாதா கோயிலின் சிறு மாதிரி: முகப்புச் சுருள் ஒருவழியாக நின்றுவிட்டது

முகப்பின் இடப்பக்கச் சுருள் காய்ந்து, ஒரு விரிசல்கூட இல்லாமல் நிற்கிறது. வலப்பக்கம் இன்னும் பாக்கி. அதற்குள் எழுத வந்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். மார்த்தாண்டத்தில் மழை பிடித்ததிலிருந்து இந்த ஒரு சுருளோடுதான் மல்லுக்கட்டு.

நான் செய்துகொண்டிருப்பது கொச்சிக் காயலின் வல்லார்பாடம் தீவுக் கோயில், 1:100 அளவில். இப்போது இரட்டைக் கோபுரத்தோடு இருக்கிற வடிவம் அல்ல. 1524-இல் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மாதா படத்தை வைத்து எழுப்பிய முதல் கோயிலை 1676 வெள்ளம் கொண்டுபோனது. அதன்பின் எழுந்த கோயில் புதிதில் எப்படி இருந்திருக்கும் என்ற என் ஊகம்தான் இந்த மாதிரி. உடலமைப்புக்கு ஃபோர்ட் கொச்சி புனித பிரான்சிஸ் கோயிலைப் பார்த்துக்கொண்டேன். 1503-இல் மரத்தில் கட்டி, 1516-இல் சாந்துக் கட்டடமாக மாறியது அது. எதிரே நின்றால் உயர்ந்த ஐரோப்பிய முகப்பு. பக்கவாட்டில் போனால் மரச்சட்டத்தின்மேல் சாய்ந்த ஓட்டுக்கூரை. எனக்கு இந்த வகைக் கோயில்களில் பிடித்ததே அதுதான்.

சரி, சுருளுக்கு வருகிறேன். அகலமான கீழ்த்தட்டிலிருந்து ஒடுங்கிய மேல்தட்டுக்கு முகப்பு ஏறும் இடத்தில், தோள் போல வளைந்து சுருண்டு நிற்குமே, அது. சன் போர்டில் (மாதிரி செய்ய உதவும் லேசான பிளாஸ்டிக் நுரை அட்டை) அப்படியே வெட்டியெடுத்தால் வெளிவளைவு வருகிறது, உள்ளே திரும்பும் இடத்தில் விளிம்பு பிய்ந்துவிடுகிறது. எந்த பிளேடும் உதவவில்லை.

வழி காட்டியது அசல் கட்டட முறைதான். கேரளத்தின் பழைய கோயில்களில் சுவர் பெரும்பாலும் வெட்டுகல், அதாவது செம்புறைக்கல். குழியிலிருந்து எடுக்கும்போது மென்மை, காற்றுப் பட்டால் இறுகும். ஆனால் முகமெல்லாம் ஓட்டை. நுணுக்கமான செதுக்கு அதில் நிற்காது. கல்லில் கரடுமுரடாக உருவம் கொடுத்துவிட்டு, காயல் கக்காயை (சிப்பி) சுட்ட சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, விளிம்பின் வடிவம் வெட்டிய தகட்டை, அதாவது அச்சை, அதன்மேல் இழுத்துத்தான் விளிம்புகளை எடுப்பார்கள். நானும் அப்படியே செய்தேன். உள்ளே சன் போர்டு, மேலே வால் புட்டி. பிடிமானத்துக்கு போர்டைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட வேண்டும். காலாவதியான ஏடிஎம் கார்டை அரத்தால் ராவினால் அருமையான அச்சு.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சுருள் ஒரே வட்டம் இல்லை. மூன்று கால்வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மையம், உள்ளே போகப்போக ஆரம் குறையும். அச்சைக் குண்டூசியில் மாட்டி முதல் கால்வட்டத்தைச் சுழற்றி, ஊசியை அடுத்த மையத்துக்கு மாற்றி, மறுபடி சுழற்ற வேண்டும். புட்டியைத் தடிமனாக அப்பினால் வெடிக்கும். மெல்லிய பூச்சு, காய்ந்தபின் அடுத்தது. அச்சை ஒவ்வொரு இழுப்புக்கும் நனைத்து, ஒரே திசையில் மட்டும் இழுங்கள். மழைக்காலத்தில் ஒரு பூச்சு காய்வதற்குள் பொறுமை போய்விடும், ஹேர் டிரையர் மட்டும் வேண்டாம்.

போர்டு வாங்குகிறவர்களுக்கு ஒன்று: 5 மி.மீ. என்று ஒரு கடையில் தந்தது 5 இல்லவே இல்லை. ஒரு மீட்டர் தடிப்புச் சுவருக்கு இரண்டை ஒட்டுகிறோம், குறைந்தால் ஜன்னல் ஆழமே கெட்டுவிடும். தடிப்பு அளக்கும் வெர்னியரைக் கையில் கொண்டுபோங்கள்.

கூரைக்கு ஊதுவத்திக் குச்சிச் சட்டங்கள் தயார். மங்களூர் ஓட்டு அச்சுத் தாள் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ அமைப்பு அந்த ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியதே 1865-இல். 1676 கோயிலில் அது ஏறக்கூடாது. நாட்டு ஓடுதான், ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டப்போகிறேன்.

உள்ளே பீடத்தருகே ஒரு பொட்டு மஞ்சள் எல்இடி கட்டாயம் வரும். புதுக் கோயிலுக்கு நிலம் கொடுத்த கொச்சி திவான் பாலியத்து இராமன் வலியச்சன் தந்த கெடாவிளக்குக்காக, அதாவது அணையாவிளக்குக்காக. வயரைத் தரைக்கடியில் கொண்டுபோக இப்போதே பள்ளம் வெட்டிவிட்டேன்.

அடுத்து பக்கத்துத் தீவான வைப்பினின் நம்பிக்கை மாதா கோயில், 1605-இல் போர்ச்சுகீசியர் தொடங்கியது. 2004-இல் இந்தத் தீவுகளை எர்ணாகுளத்தோடு இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் வந்தபின் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். டிசம்பருக்குமுன் போய்ப் படமெடுக்க வேண்டும். கிறிஸ்துமஸ் குடில் வேலை ஆரம்பித்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் வேறெதற்கும் நேரம் இருக்காது.