எவர்சில்வர் சைக்கிள்

ஜூலை 6

ஏற்காடு. குடோனில் பேட்டரி மாற்றப் போன இடத்தில், மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சைக்கிள். இன்றைக்கு இதற்கு மேல் எழுத ஓடவில்லை.

ஜூலை 7

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட். இன்வெர்ட்டர் பேட்டரி நாலு. பழையதை இழுத்து வெளியே வைக்கும்போது டார்ச் வெளிச்சம் எதிலோ பட்டு என் முகத்திலேயே அடித்தது. உடைந்த கண்ணாடி என்று நினைத்துத்தான் சாக்கை விலக்கினேன். ரேஸ் சைக்கிள். சின்ன வயதில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம், ஹேண்டில் கீழே வளைந்திருந்தால் ரேஸ் சைக்கிள். இதில் எங்கும் பெயின்ட் இல்லை. பார், ஃபோர்க், பின்சக்கரத்துக்குப் போகும் ஒல்லிக் குழாய்கள் எல்லாமே குரோம். மேலே காபித் தூசி, அதற்கு மேல் பனி ஈரம், விரலால் ஒரு கோடு இழுத்தேன், கோட்டுக்குள் என் கண் தெரிந்தது.

கம்பெனி பேர் இல்லை. ஹேண்டிலுக்குக் கீழே பேட்ஜ் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும். சீட்டுக் குழாயில் ஒரு ஸ்டிக்கரின் பாதி கிழியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ‘31’.

முப்பத்தொன்று எதற்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் முன்னால் ஒரு 5 இருந்திருந்தால்? ரெனால்ட்ஸ் 531. பர்மிங்ஹாமில் 1935-இல் வந்த குழாய், மாங்கனீஸும் மாலிப்டினமும் கலந்த எஃகு. ரேஸ் ஓட்டுபவர்கள் பல வருடம் இதைத்தான் தேடினார்கள்.

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஐயாவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். “பெரியவரு ஓட்டினதுங்க. அவரு போயிட்டாரு. பையன் பெங்களூர்ல. எடைக்குப் போடச் சொன்னாங்க, எனக்குத்தான் மனசு வரல” என்றார். விலை? “நாலாயிரம்னு சொல்லட்டுங்களா?”

ஜூலை 10

171.5. பாப்பாவின் இன்ஜினியரிங் கட்-ஆஃப். ரேங்க் லிஸ்ட் வந்துவிட்டது. வீட்டில் டிவி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 13

டிஸ்டில்டு வாட்டர் பார்க்க வேண்டும் என்று ஒரு சாக்கு சொல்லி மறுபடி மேலே போனேன். இருபது கொண்டை ஊசியும் மூடுபனி, பதினாலாவது வளைவில் முன்னால் போன பஸ்ஸின் பின்விளக்கு மட்டும்தான் ரோடு.

இந்தத் தடவை பூதக்கண்ணாடி கொண்டுபோயிருந்தேன். பின் கியரில் களிம்பு மாதிரி கிரீஸ். துணியால் துடைக்கத் துடைக்க எழுத்து வந்தது. காம்பக்னோலோ. அதற்குக் கீழே ‘பேட்டன்ட் 74’. அந்த எண்ணை அவர்கள் வருடத்துக்கு வருடம் மாற்றிப் போட்டார்கள், அதை வைத்தே கியரின் வயதைச் சொல்லலாம். ஆக, என்னைவிட மூன்று வயது மூத்தது.

சக்கரத்து லீவரைத் திருப்பினேன், சுலபமாகத் திறந்துகொண்டது. இத்தாலிக்காரர் துல்லியோ காம்பக்னோலோ 1927-இல் ஒரு மலை ரேஸில் விரல் விறைத்துப்போய், சக்கரத்து நட்டைக் கழற்ற முடியாமல் தோற்றாராம். அதிலிருந்துதான் இந்த லீவர் யோசனை வந்தது என்பார்கள். உண்மையோ கட்டுக்கதையோ, ஏற்காட்டுக் குளிரில் விரல் விறைத்து நிற்கிறவன் நம்பித்தான் ஆக வேண்டும்.

ரைட்டர் ஐயா பக்கத்தில் வந்து நின்றார். “இது என்னங்க, எழுத்தெல்லாம் போட்டிருக்கு?”

“ஏதோ வெளிநாட்டு கியருங்க” என்றேன்.

ஜூலை 14

ஏதோ வெளிநாட்டு கியருங்க.

ஜூலை 18

ஆடி பிறந்தாயிற்று. அத்தை திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்: ஆடியில் வண்டி வாகனம் வீட்டுக்குள் வரக்கூடாது. சைக்கிளுக்கு ஆடி என்ன ஆவணி என்ன என்றேன். “சக்கரம் இருக்குதில்ல?” என்றார். பதில் இல்லை.

போனில் இருந்த போட்டோவைப் பார்த்துவிட்டு அவரே, “எவர்சில்வர் சைக்கிளுங்களா?”

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இரும்பாலையில் வேலை பார்த்து ரிட்டயரான மனிதர், எவர்சில்வர் என்ற சொல்லை யாராவது கண்டபடி பயன்படுத்தினால் பொறுக்கமாட்டார். “எவர்சில்வர்ல குரோமியம் உள்ளயே கலந்திருக்குமுங்க மாப்ள. நூத்துக்குப் பத்தரையாவது இருந்தாத்தான் அந்தப் பேரே. இதுக்கு மேல சட்டைதான். சட்டை கிழிஞ்ச இடத்துல துரு வரும். கிழிஞ்சிருக்கா பாத்தீங்களா?”

பார்த்தேன். பெடல் அச்சுக்குக் கீழே, மிளகாய் விதை அளவில் ஏழெட்டுப் புள்ளி. அவரிடம் இரண்டு என்று சொன்னேன். இப்போதெல்லாம் பொய் சரளமாக வருகிறது.

ஜூலை 21

சீட் ரொம்ப உயரம். பெரியவர் ஆறடி இருந்திருக்க வேண்டும். எனக்கு நுனிக்கால்கூட பெடலுக்கு எட்டாது. சீட்டைத் தாங்கும் கம்பியை, சீட் போஸ்ட்டை, இறக்கலாம் என்று போல்ட்டைத் தளர்த்தினேன். அசையவில்லை. போல்ட்டைக் கழற்றியே விட்டேன். அசையவில்லை.

போஸ்ட் அலுமினியம், குழாய் இரும்பு. இரண்டும் ஈரத்தில் வருடக்கணக்கில் ஒட்டி நின்றால் அலுமினியம் உப்பிக்கொண்டு வெள்ளைப் பொடி கட்டும், பற்றவைத்த மாதிரி பிடித்துக்கொள்ளும். பேட்டரி டெர்மினலில் தினம் பார்க்கிற சங்கதி, வேறு சட்டை.

போஸ்ட்டின் அளவை அதன் அடிப்பக்கம் பொறித்திருப்பார்கள். இங்கிலாந்து சைக்கிளில் 27.2 மில்லி என்று இருந்தால் உள்ளே இருப்பது நல்ல 531 என்று நம்பலாம். நுனி தடித்து நடு மெலிந்த குழாய். 26 சொச்சம் என்றால் சாதாரணம். அந்த எண் இப்போது குழாய்க்குள்ளே இருக்கிறது, போஸ்ட் வெளியே வந்தால்தான் தெரியும்.

ஜூலை 22

27.2. 171.5. ராத்திரி முழுக்கத் தசமப் புள்ளிகள்.

ஜூலை 27

செவ்வாய்ப்பேட்டை. கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே முலாம் போடுகிற ஒருவர், புல்லட் சைலன்சருக்கெல்லாம் குரோம் போடுவார். போட்டோவைக் காட்டி, புதுசாகப் போட எவ்வளவு என்றேன். அவர் விலை சொல்லவில்லை, கேள்வி கேட்டார். “குழாய் எவ்வளவு கனம்?”

நடுவில் அரை மில்லி சொச்சம் இருக்கும் என்றேன்.

“அப்ப வேண்டாம்.” பழைய குரோமை ஆசிட்டில் கழற்றி, குழாயைப் பட்டையில் தேய்த்து, செம்பு ஏற்றி, அதன்மேல் நிக்கல், கடைசியாகத்தான் குரோம். அதுவும் கண்ணுக்குத் தெரியாத மெலிசில். மினுக்கலில் முக்கால்வாசி நிக்கலுடையது, பேர் மட்டும் குரோமுக்கு. தேய்க்கிறதில் குழாய் போய்விடும், போதாததற்கு ஆசிட் இரும்பை மொறுமொறுப்பாக்கும், அடுப்பில் வைத்துச் சூடு காட்டாவிட்டால் என்றைக்காவது பட்டென்று போகும் என்றார். வருகிற காசை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். டீ அவர் கணக்கு.

வரும் வழியெல்லாம் அந்த ‘ஏதோ’.

ஆகஸ்ட் 1

பெங்களூர்க்காரருக்கு நானே போன் செய்தேன். கியர் காம்பக்னோலோ, எழுபதுகளில் வந்தது, விவரம் தெரிந்தவர்கள் நாலாயிரத்துக்குப் பல மடங்கு தருவார்கள் என்று சொல்லிவிட்டேன். வைத்துக்கொள்ளுங்கள், அல்லது எனக்கே கொடுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “விசாரிச்சுட்டு கூப்பிடறேங்க.”

இன்று தூங்குவேன்.

ஆகஸ்ட் 2

தூங்கவில்லை. எதற்குச் சொன்னேன்?

ஆகஸ்ட் 5

போன் இல்லை.

ஆகஸ்ட் 6

டயர் வேட்டை. பழைய டயரில் 27 × 1¼ என்று இருந்தது. லீ பஜாரில் ஆரம்பித்து அம்மாப்பேட்டை வரை கேட்டாயிற்று. சைக்கிள் கடை பாய், “இருபத்தெட்டு இருக்கு, ஒரு இன்ச்தானே, போட்டுக்கங்க” என்றார். விஷயம் இன்ச் இல்லை. இந்த ரிம் 630 மில்லி, நம்ம ஊர் பெரிய சைக்கிள் டயர் 635. அஞ்சு மில்லி லூசில் காற்றடித்தால் டயர் துள்ளி வெளியே வரும். இப்போதைய ரேஸ் டயர் 622, அது ஏறவே ஏறாது. பாய் டேப் எடுத்து இரண்டு தடவை அளந்துவிட்டு, “நாப்பது வருசமா கடை வெச்சிருக்கேன், இப்படி ஒரு நடுவாந்திரம் பாத்ததில்ல” என்றார்.

வாங்காத சைக்கிளுக்கு டயர் தேடுகிறேன்.

ஆகஸ்ட் 7

ஆடிப் பண்டிகை. கோட்டை மாரியம்மன் கோவில் பக்கம் நிற்க இடமில்லை. பாப்பா வரவில்லை. காலேஜ் சாய்ஸ் லிஸ்ட்டை மேலும் கீழும் மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அவள் அம்மா உள்ளூர்க் கருப்பூரை மேலே நகர்த்துகிறாள், இவள் சென்னையை மேலே நகர்த்துகிறாள். நான் போனால் இருவரும் லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள்.

தட்டுவடை செட் வாங்கி வந்தேன். அதை மட்டும் மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 11

கூப்பிட்டார். பெங்களூரில் ஒரு நண்பர் இருபத்தைந்துக்குக் கேட்கிறாராம். “நீங்க நேர்மையா சொன்னீங்க, உங்களுக்குப் பதினஞ்சு.”

என்னிடம் இருப்பது பதினொன்று. ஹாஸ்டல் அட்வான்சைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன், யாரும் கேட்காமலேயே.

வீட்டில் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாலாயிரத்துக்கு வாங்கியிருக்க வேண்டியது. உண்மை சொன்னதுக்குப் பதினோராயிரம் அபராதமா?” என்றாள். பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் சமையல்கட்டில் நின்று தனியாகக் கோபப்பட்டேன்.

ஆகஸ்ட் 14

மாமா நாலாயிரம் கொடுத்தார். “கடன்தானுங்க” என்று மூன்று தடவை சொன்னார்.

ஆகஸ்ட் 18

ஆவணி. காலை ஏழுக்கே மேலே. வாங்குவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்தேன்: குழாய்கள் சேருகிற இடங்களில் நகத்தை ஓட்டி விரிசல் தேடினேன், ஃபோர்க்கை முன்பிரேக் பிடித்து ஆட்டினேன், மேல்குழாய்க்கு அடியில் விரலை ஓட்டினேன், முட்டின சைக்கிள் என்றால் அங்கே ஒரு சின்ன மேடு தட்டும். தட்டவில்லை. பணத்தை ரைட்டர் ஐயா இரண்டு தடவை எண்ணினார். “ஏதோ கியருன்னீங்களே” என்றார், எண்ணிக்கொண்டே, தலையைத் தூக்காமல்.

சௌசௌ மூட்டை ஏற்றிய குட்டியானையில் பின்னால் உட்கார்ந்து, சைக்கிளை மடியில் கிடத்தி, இருபது வளைவும் இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் வெயில் குரோமில் பட்டு எதிரே வருகிறவன் கண்ணில் அடித்தது. அடிவாரத்தில் ஒரு பையன், “அண்ணா, இது எவ்வளவு?” என்றான். ரொம்ப என்றேன்.

வாசலில் அத்தை ஆரத்தி எடுத்தார். சக்கரம் இருக்குதில்ல.

ஆகஸ்ட் 20

சீட் போஸ்ட்டுக்குக் காலை ஒரு சொட்டு, மாலை ஒரு சொட்டு. துரு இளக்கும் எண்ணெய். சைக்கிளைக் கவிழ்த்தும் வைத்தேன், கீழ்வழியாகவும் இறங்கட்டும் என்று.

பாப்பா பிரியாணிப் பார்சலின் ஃபாயிலைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து, பெடல் அச்சுக்குக் கீழே தேய்த்தாள். அலுமினியம் குரோமைவிட மெத்து, கீறாது, துருவை மட்டும் தின்னும். சாம்பல் நிறச் சேறு வந்தது. துடைத்தால் பளபளப்பு, நடுவில் ஊசிமுனைக் குழிகள். “பதினொண்ணு இருக்குப்பா, தாத்தாட்ட ரெண்டுன்னீங்களாமே?”

ஆகஸ்ட் 22

சென்னை.

ஆகஸ்ட் 23

இரண்டு சொட்டு.

ஆகஸ்ட் 24

பெட்டி வாங்கப் போனார்கள். நான் எண்ணெய் விட்டேன்.

ஆகஸ்ட் 26

மாமா வீட்டுப் பட்டறை வைஸ். சீட்டைக் கழற்றிவிட்டு, சைக்கிளைத் தலைகீழாக்கி போஸ்ட்டின் தலையை வைஸில் கடித்துப் பிடிக்கவைத்து, ஃபிரேமையே ஸ்பேனர் மாதிரி திருப்ப வேண்டும். போஸ்ட் வீணாகும், ஆகட்டும். ஃபிரேம் முறுக்கிக்கொண்டால் நான் வீணாவேன். மாமா ஒரு பக்கம், பாப்பா ஒரு பக்கம். “மெதுவா, ஆட்டி ஆட்டி” என்கிறார் மாமா. பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு பழைய கதவு மாதிரி ஒரு சத்தம். ஒரு நூல் அளவு.

சக்கரங்கள் கழற்றியாயிற்று, இருட்டிவிட்டது, நாளைக்கு என்றார் மாமா. பாப்பா விடவில்லை. நாளைக்கு ராத்திரி அவளுக்கு ரயில்.

இரவு 9.40

வந்துவிட்டது. முழுசாக, வெள்ளைப் பொடியோடு, என் முழங்கை நீளம். அடியில் எண் இருக்கிறது. 27 தெரிகிறது. புள்ளியும் தெரிகிறது. அதற்கப்புறம் கறை. பாப்பா மண்ணெண்ணெயும் துணியும் எடுக்க உள்ளே போயிருக்கிறாள்,